டர்பனில் பிரசவம்: எந்த இடத்தில் எவ்வளவு மருத்துவத் தலையீடு?

டர்பனில் நம்மவர்கள் மிகுதியாக வாழும் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டில் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்ததும், வாழ்த்துக்கு அடுத்தபடியாக எழும் கேள்வி மெடிக்கல் எய்ட் எனப்படும் மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்பதுதான். இருந்தால் தனியார் மருத்துவமனை, இல்லையென்றால் அரசு மருத்துவமனை என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. தனியறை, சாப்பாடு, பார்வையாளர் நேரம் என்று எல்லாவற்றையும் அலசிப் பார்க்கும் குடும்பங்கள்கூட, அந்த இடத்தில் சேரும் பெண்ணுக்குச் சிசேரியன் நடக்கும் வாய்ப்பு எவ்வளவு, வலியைக் கூட்ட மருந்து ஏற்றப்படும் வாய்ப்பு எவ்வளவு, பிறப்புவாயில் தையல் விழும் வாய்ப்பு எவ்வளவு என்று விசாரிப்பதில்லை. அவையெல்லாம் பெண்ணின் உடல்நிலையைப் பொறுத்தவை, இடத்தைப் பொறுத்தவை அல்ல என்ற எண்ணமே அதற்குக் காரணம். அந்த எண்ணம் பாதிதான் சரி.

தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட் மூலம் தனியார் மருத்துவமனைகளில் பிள்ளை பெறுவோரில் 100க்கு 70 பேருக்கு மேல் சிசேரியன் வழியாகப் பெறுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் அந்த அளவு நாலில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோதான் இருக்கிறது. தனியாரை நாடும் பெண்களின் சராசரி வயது கூடுதல், அறுவையைத் தாமே விரும்பிக் கேட்போரும் உண்டு என்று சொல்லலாம். ஆனால் இந்த இரண்டும் சேர்ந்தாலும் இத்தனை பெரிய இடைவெளியை விளக்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் இங்கே குடிவந்தவர்களுக்கு இந்தப் படம் புதிதல்ல. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி அங்கே தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடும் அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடும் சிசேரியன். ஒரு நாட்டில் சிசேரியன் அளவு 10 விழுக்காட்டைத் தாண்டி உயரும்போது தாய், சேய் இறப்பு அதனால் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. தேவைப்படும் பெண்ணுக்குச் சிசேரியன் உயிர்காக்கும் அறுவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நாம் பார்க்க வேண்டியது, தேவை இல்லாதவளுக்கும் அது ஏன் நடக்கிறது, அதில் இடத்தின் பங்கு என்ன என்பதைத்தான்.

இடத்தின் பங்கைத் தனியே பிரித்துப் பார்க்க ஒத்த உடல்நிலை உள்ள பெண்களை ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்த பெரிய ஆய்வுகளில் ஒன்று இங்கிலாந்தில் நடந்து 2011இல் வெளியானது. சிக்கல் எதுவும் எதிர்பார்க்கப்படாத ஏறத்தாழ 64,500 பெண்களை அது பின்தொடர்ந்தது. எங்கே பெற்றார்கள் என்று பார்க்காமல், வலி தொடங்கியபோது எங்கே பெறத் திட்டமிட்டிருந்தார்கள் என்பதைக் கொண்டே அவர்களை வகைப்படுத்தியது. எனவே வீட்டில் தொடங்கி இடையில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவளின் அறுவையும் வீட்டுக் கணக்கிலேயே சேர்ந்தது. இந்த நேர்மையான கணக்கிலும்கூட, மருத்துவர் தலைமையிலான பிரிவைத் தேர்ந்தவர்களில் 11.1 விழுக்காட்டினருக்குச் சிசேரியன் நடந்தது. அதே மருத்துவமனை வளாகத்தில் மருத்துவச்சிகள் நடத்தும் பிரிவைத் தேர்ந்தவர்களுக்கு அது 4.4, தனித்து இயங்கும் மருத்துவச்சி நிலையத்தில் 3.5, வீட்டில் 2.8. பிறப்புவாயைக் கத்தரிக்கும் எபிசியோட்டமி முதல் பிரிவில் 19.3 விழுக்காடு, வீட்டில் 5.4. வலியைக் கூட்ட ஆக்ஸிடோசின் ஏற்றுவது 23.5 விழுக்காட்டிலிருந்து 5.4க்கு இறங்குகிறது. ஒரே மாதிரியான பெண்கள். இடம் மட்டும் வேறு.

இந்த வேறுபாடு ஓரிரவில் யாரோ ஒருவர் எடுக்கும் தவறான முடிவால் வருவதில்லை. ஒரு சிறு தலையீடு அடுத்ததை இழுத்துக்கொண்டு வருகிறது. பெண் வலியெடுத்து வந்ததும் வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டிச் சிடிஜி இயந்திரத்தை ஓட விடுகிறார்கள். ஒரு பட்டையில் உள்ள வட்டில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பிடிக்கிறது, மற்றது கருப்பை இறுகுவதைப் பதிவு செய்கிறது. அவள் எழுந்து நடந்தாலும் ஒருக்களித்துத் திரும்பினாலும் வட்டில் நழுவிக் கோடு அறுந்துபோகிறது. அதனால் அசையாமல் படுத்திரு என்கிறார்கள். மல்லாந்து படுத்தவளுக்கு வலி கூடுதலாகத் தெரிகிறது, குழந்தை இறங்கும் வேகமும் குறையக்கூடும். வேகம் குறைந்தால் ஆக்ஸிடோசின். அதனால் வலி தாங்க முடியாமற் போனால் முதுகுத்தண்டில் வலியை மரக்கச் செய்யும் எபிடியூரல் ஊசி. அதன்பின் முக்கும் உணர்வு மங்கினால் குழந்தையை இழுத்தெடுக்கும் வாக்யூம் அல்லது ஃபோர்செப்ஸ் கருவி. நடுவில் எங்காவது காகிதத்தில் துடிப்பு சற்றுத் தாழ்ந்து தெரிந்தால் நேரே தியேட்டர், அதாவது அறுவை அரங்கு. சிடிஜியைத் தொடர்ந்து ஓட விடுவதையும், மருத்துவச்சி சீரான இடைவெளியில் துடிப்பைக் கேட்பதையும் ஒப்பிட்ட சோதனைகளில் 37,000க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டார்கள். தொடர் பதிவில் சிசேரியன், இடைவெளி விட்டுக் கேட்டபோது இருந்ததைவிட அறுபது விழுக்காட்டுக்கு மேல் கூடியது. பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது பாதியாகக் குறைந்தது. ஆனால் மூளைவாதத்திலும் குழந்தை இறப்பிலும் வேறுபாடு தெரியவில்லை. வலிப்பு குறைவதை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆயினும் ஆபத்துக் குறி எதுவும் இல்லாத பெண்ணுக்கு அந்தப் பட்டையை இரவு முழுதும் கட்டி வைப்பதற்கு அது போதிய நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நேரத்தை அளக்கும் விதமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இதில் டர்பனுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. பிற்காலத்தில் நேட்டால் பல்கலைக்கழகத்தில் மகப்பேறுத் துறைப் பேராசிரியராக விளங்கிய ஹியூ ஃபில்பாட், 1972இல் கேசில் என்பவரோடு சேர்ந்து, பிரசவம் முன்னேறும் வேகத்தைக் குறித்து வரும் பார்ட்டோகிராஃப் தாளில் சாய்வான இரண்டு கோடுகளை அறிமுகப்படுத்தினார். கருப்பை வாய் மணிக்கு 1 செ.மீ. விரியும் வேகத்தைக் குறிப்பது எச்சரிக்கைக் கோடு. அதற்கு நாலு மணிநேரம் தள்ளி வரையப்பட்டது நடவடிக்கைக் கோடு. அறுவை வசதி இல்லாத சிறு கிளினிக்கிலிருந்து பெண்ணை எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதைச் செவிலியே தாளைப் பார்த்துத் தீர்மானிக்கத்தான் அது வந்தது. அந்த நல்ல கருவி, அவசரம் மிகுந்த இடங்களில், முதல் கோட்டைத் தாண்டியதுமே மருந்தை ஏற்றச் சாக்காகிவிட்டது. மணிக்கு 1 செ.மீ. என்ற அளவு பல பெண்களுக்குப் பொருந்தாது, 5 செ.மீ. விரியும் முன்பு வேகத்தை வைத்து அவசரப்படத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் திருத்திச் சொன்ன பிறகும் பழைய பழக்கம் முழுதாகப் போகவில்லை.

இனி இங்கே நமக்குள்ள இடங்களைப் பார்ப்போம்.

தனியார் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவர் பொதுவாக அந்த மருத்துவமனையின் ஊழியர் அல்லர். தமது தொழிலைத் தாமே நடத்துபவர். நீங்கள் மாதாமாதம் பார்க்கும் அதே மருத்துவரே பிரசவத்தையும் பார்ப்பார் என்பது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலுக்குள்தான் சிக்கலும் இருக்கிறது. பகலில் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்க, இரவில் இரண்டு பெண்களுக்கு வலியெடுத்திருக்க, எல்லாவற்றுக்கும் ஒரே ஆளாக நிற்கும் ஒருவருக்குப் பதினெட்டு மணிநேரம் நீளும் தலைச்சன் பிரசவத்தைவிட, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் குறித்த அறுவை எத்தனையோ வகையில் வசதி. குழந்தைக்கு மூளைப் பாதிப்பு ஏற்பட்டால் தொடரப்படும் இழப்பீட்டு வழக்குகளின் அச்சமும், அதற்காகக் கட்ட வேண்டிய காப்பீட்டுத் தொகையின் சுமையும் அவரை மேலும் அறுவைப் பக்கமே தள்ளுகின்றன. சிசேரியன் செய்யாமல் இருந்ததற்காக வழக்கு வரும். செய்ததற்காக வருவது அரிது. இதை மருத்துவர்களின் பேராசை என்று மட்டும் பேசுவது நியாயமாகாது. தனியாளாக இரவு பகல் நிற்கச் செய்யும் அமைப்பே அப்படி. இரண்டு மூன்று மருத்துவர்கள் முறைவைத்துப் பார்க்கும் குழுவோ, மருத்துவச்சி முழு நேரமும் உடனிருந்து மருத்துவர் தேவைக்கு வரும் ஏற்பாடோ உள்ள தனியார் இடம் கிடைத்தால் அது வேறு கதை. அத்தகைய இடங்கள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

முதல் அறுவையோடு கணக்கு முடிவதில்லை. அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடிக்கொண்டால், அது பழைய தழும்புக்குள் ஊடுருவிப் பிடித்துக்கொள்ளும் அபாயம், ஒரு சிசேரியன் முன்பு நடந்தவருக்கு ஏறத்தாழ 11 விழுக்காடு, இரண்டு நடந்தவருக்கு 40 விழுக்காடு. மூன்று பிள்ளைகள் வேண்டும் என்று நினைக்கும் குடும்பம் முதல் பிரசவத்தின் இடத்தைத் தேர்வதில் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவத்துக்கு முயல்வோரில் 100க்கு 60 முதல் 80 பேருக்கு அது கைகூடுகிறது. தழும்பு பிரியும் ஆபத்து ஏறத்தாழ 200இல் ஒன்று. ஆனால் அந்த முயற்சிக்கு உடனிருந்து கண்காணிக்கும் ஆளும் எந்த நேரமும் தயாராக உள்ள தியேட்டரும் வேண்டும். தனியாளாக நிற்கும் மருத்துவர் பெரும்பாலும் இதற்கு முன்வருவதில்லை.

அரசு வழியில் இரண்டு படிகள் உண்டு. சிக்கலற்ற பிரசவத்தைச் சமூகச் சுகாதார மையங்களில் உள்ள பிரசவப் பிரிவுகளில் மருத்துவச்சிகளே பார்க்கிறார்கள். குவாமாஷுவில் உள்ளது போன்றவை அவை. முன் சிசேரியன், இரட்டை, இரத்த அழுத்தம், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பது போன்றவை இருந்தால் ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, சாட்ஸ்வர்த்தில் 1969இல் திறந்த ஆர்.கே. கான் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்புகிறார்கள். கருவுற்ற பெண்களுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 1994இல் இலவசச் சிகிச்சை வந்தது; மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம் அதை உறுதி செய்தது. நாட்டுக் குடியுரிமையோ காகிதமோ இல்லை என்று கருவுற்ற பெண்ணைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதை 2023இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. வேலை விசாவில் வந்த கணவரோடு இங்கே இருக்கும் பெண்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

தலையீட்டின் அளவில் அரசு இடமே குறைவு, இதில் ஐயமில்லை. ஆனால் குறைந்த தலையீடு எப்போதும் நல்ல கவனிப்பின் அடையாளம் அல்ல. ஆள் போதாத இரவில் துடிப்பைக் கேட்க வேண்டிய செவிலி வேறு மூன்று கட்டில்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தால், தேவையான சிசேரியன்கூடத் தாமதமாகலாம். தாய் இறப்புகளை ஆராயும் தேசியக் குழுவின் அறிக்கைகள், சிசேரியனில் இறக்கும் அபாயம் சுகப்பிரசவத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டுகின்றன. அறுவைக்குக் காரணமான நோயும் அதில் கலந்திருக்கிறது என்றாலும், அறுவை நடக்கும் இடத்தின் திறமையும் ஒரு காரணம் என்று அந்த அறிக்கைகளே சுட்டுகின்றன. பிரசவ அறையில் செவிலியர் சத்தம் போடுவது, அவமதிப்பது பற்றி இந்நாட்டில் 1990களிலிருந்தே ஆய்வுகள் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு பிரசவத்தின்போதும் அப்படி ஒரு சொல் காதில் விழுந்தது. அத்தை திரும்பிக் கேட்டதும் குரல் தணிந்தது. கேட்க ஆள் இல்லாத பெண்ணுக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதனால்தான் உடனிருக்கும் ஆளைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கில், இன்று ரஹிமா மூசா தாய்சேய் மருத்துவமனை என்று அழைக்கப்படும் அன்றைய கொரோனேஷன் மருத்துவமனையில் ஜஸ்டஸ் ஹோஃப்மேயர் குழுவினர் ஓர் ஆய்வு நடத்தி 1991இல் வெளியிட்டார்கள். தலைச்சன் பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு, மருத்துவப் பயிற்சி ஏதுமில்லாத உள்ளூர்ப் பெண்களைப் பக்கத்தில் இருந்து தேறுதல் சொல்லவைத்தார்கள். பிரசவத்தின் வேகம் மாறவில்லை. ஆனால் வலியும் பதற்றமும் குறைந்தன, ஆறு வாரம் கழித்துத் தாய்ப்பால் மட்டும் கொடுப்போர் கூடுதலாக இருந்தார்கள். பின்னர் உலகெங்கும் நடந்த இத்தகைய 26 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடர்ந்து ஓர் ஆள் உடனிருந்த பெண்களுக்குச் சிசேரியன் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தனியாரிலும் அரசிலும் பணம் செலவில்லாமல் செய்யக்கூடிய ஏற்பாடு இது ஒன்றுதான். திரை இல்லாத வார்டில் கணவரை விடாமற் போகலாம். அம்மாவையோ அக்காவையோ விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

வீட்டுப் பிரசவம் என்றதும் கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில் பெற்ற ஆயாக்களின் கதைகளைச் சொல்லிப் பெருமைப்படுவோர் உண்டு. அந்தக் கதைகளை உயிரோடு இருந்தவர்கள்தான் சொன்னார்கள் என்பதை மறக்கக் கூடாது. இன்றைய வீட்டுப் பிரசவம் வேறு. நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவச்சி ஆக்சிஜனும் மருந்தும் கொண்டு வந்து பார்ப்பது அது. சட்டப்படி அதற்குத் தடையில்லை. ஆனால் மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்விலேயே, முதல் பிள்ளையை வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களில் 45 விழுக்காட்டினர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். குழந்தைக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது வீட்டில் 1,000க்கு 9.3, மருத்துவர் பிரிவில் 5.3. இரண்டாவது, மூன்றாவது பிள்ளை பெறுவோரில் அந்த வேறுபாடு இல்லை. மாற்றப்பட்டோரும் 12 விழுக்காடுதான். அங்கே மருத்துவச்சியும் ஆம்புலன்ஸும் மருத்துவமனையும் ஒரே அரசுச் சேவையின் உறுப்புகள். இங்கே 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸ் சாலைகள் அடைபட்டதையும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பாலங்கள் போனதையும் பார்த்தவர்களுக்கு மாற்றம் என்ற சொல்லின் எடை தெரியும். தலைச்சன் பிரசவத்துக்கு டர்பனில் வீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது பிள்ளை, முதலாவது சுகப்பிரசவம், மருத்துவமனை பதினைந்து இருபது நிமிடத்தில், அங்கே அந்த மருத்துவச்சிக்குப் பரிச்சயமும் உண்டு என்றால் பேசிப் பார்க்கலாம்.

பிரசவத்துக்குப் பின்னான இரத்தப்போக்கையும் இடத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும். 2023இல் வெளியான ஒரு பெரிய சோதனை, தென்னாப்பிரிக்கா உட்பட நாலு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்தது. பெண்ணுக்கு அடியில் அளவுக்கோடிட்ட பிளாஸ்டிக் பையை விரித்து இரத்தத்தை அளந்து, அளவு கூடியதும் பல சிகிச்சைகளை ஒரே வீச்சில் தொடங்கினார்கள். கடுமையான இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. விலை மலிவான ஒரு பை. அது தங்கள் இடத்தில் பயன்படுகிறதா என்று கேட்பது தனியறையில் டிவி உண்டா என்று கேட்பதைவிடப் பயனுள்ளது.

நம்மவர்களுக்கென்று தனியே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. டர்பன் வாழ் இந்திய வம்சாவளியினரிடையே நீரிழிவு மிகுதி. கர்ப்பகால நீரிழிவும் அப்படியே. மேலே சொன்ன மருத்துவச்சி நிலையக் கணக்குகள் எல்லாம் சிக்கலற்ற பெண்களைப் பற்றியவை. சர்க்கரை கட்டுக்குள் வராதவளுக்கோ குழந்தை பெருத்தவளுக்கோ அவை பொருந்தா. அவளுக்கு மருத்துவமனைதான் இடம், வலியைத் தூண்டுவதும் தொடர் சிடிஜியும் அங்கே நியாயமான தலையீடுகள். எனவே இடத்தை முதல் மாதத்திலேயே முடிவு கட்டாமல், ஆறாம் ஏழாம் மாதத்தில் செய்யும் சர்க்கரைச் சோதனையின் முடிவு வரும்வரை இரண்டு கதவுகளையும் திறந்து வைத்திருப்பதே புத்தி. மெடிக்கல் எய்டில் கருவுற்ற பிறகு சேர்ந்தால் பன்னிரண்டு மாதம்வரை அந்தப் பிரசவச் செலவை விலக்கச் சட்டம் இடம் தருகிறது என்பதால், தனியார் கதவு திறந்திருக்கிறதா என்பதைக் கர்ப்பத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தனியாரைத் தேர்வோர் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. சென்ற ஆண்டில் அவர் பார்த்த தலைச்சன் பிரசவங்களில் எத்தனை சிசேரியன், குறித்த தேதி கடந்தால் எத்தனை நாள் காத்திருப்பார், அவர் ஊரில் இல்லாதபோது யார் வருவார், வலி நேரத்தில் எழுந்து நடக்க விடுவார்களா என்பன அவை. எண்ணைச் சொல்லாமல் "அதெல்லாம் கவலைப்படாதீங்கம்மா" என்று முடிப்பவரிடம் மறுமுறையும் கேட்கலாம். அதற்கும் பதில் வராவிட்டால் வேறு மருத்துவரைப் பார்க்க இருபதாம் வாரத்தில் நேரம் இருக்கிறது, முப்பத்தெட்டாம் வாரத்தில் இருக்காது. அரசு இடத்தைத் தேர்வோர், அங்கே இரவில் தியேட்டர் இயங்குகிறதா, இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், ஆம்புலன்ஸ் வர வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பவற்றைப் பரிசோதனைக்குப் போகும் நாட்களிலேயே மருத்துவச்சியிடம் விசாரித்து வைக்கலாம்.

எந்த இடத்தில் பெற்றாலும், அரசு கிளினிக்கில் பெண்ணின் கையிலேயே கொடுத்தனுப்பும் பிரசவப் பதிவேட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். சிசேரியன் நடந்திருந்தால், எந்தக் காரணத்துக்காக, கருப்பையில் குறுக்காக வெட்டினார்களா நெடுக்காக வெட்டினார்களா என்பதை அறுவைக் குறிப்பிலிருந்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தோலில் தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. நெடுக்கு வெட்டாக இருந்தால் அடுத்த பிள்ளைக்குச் சுகப்பிரசவ முயற்சி கூடாது. குறுக்கு வெட்டாக இருந்து அந்தத் தாள் கையில் இல்லாவிட்டால், தெரியாததை வைத்து ஆபத்தை ஏற்கப் பல மருத்துவர்கள் துணியமாட்டார்கள், இரண்டாவது அறுவை அங்கேயே முடிவாகிவிடக்கூடும்.